அத்தியாயம் 6: விட்டதைப் பிடிக்கும் முன்

போக்கரோ ரம்மியோ, ஒரே வாரத்தில் ஏழெட்டு ஆட்டம் அடுத்தடுத்துத் தோற்றவருக்கு ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சீட்டைக் கையில் வாங்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. நல்ல கை வந்தாலும் பந்தயத்தை உயர்த்தத் துணிவில்லை. மோசமான கை வந்தால் அதைக் கீழே போடவும் மனம் வருவதில்லை. இரவில் படுத்தால், கடைசி ஆட்டத்தில் விழுந்த அந்த ஒரு சீட்டுதான் கண்ணுக்குள் நிற்கிறது. இந்த நிலையில் இருப்பவர் வழிகாட்டி ஒன்றைத் தேடி எடுத்தால், பெரும்பாலும் அது பயத்தைப் போக்கி அவரை மறுபடி மேசையில் உட்காரவைக்கவே பாடுபடும். மூச்சுப் பயிற்சி சொல்லும், சிறிய தொகையில் தொடங்கச் சொல்லும், தன்னம்பிக்கை ஊட்டும். இந்த அத்தியாயம் வேறு வழியில் போகிறது. தொடர் தோல்விக்குப் பின் வரும் பயத்தில் பாதி தவறான கணக்கிலிருந்து பிறக்கிறது, மறுபாதி சரியான கணக்கிலிருந்து பிறக்கிறது. தவறானதைத் திருத்தலாம். சரியானதை அடக்கிவிட்டு ஆடப் போகக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இங்கே வேலை.

முதலில் தவறான பாதி. தொடர்ந்து தோற்பவர், தனக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார். நேரம் சரியில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள், அந்த இருக்கை ராசியில்லை என்று காரணம் தேடுகிறார். பூவா தலையா போடுவதை எண்ணிப் பாருங்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் சம வாய்ப்புள்ள ஓர் ஆட்டத்தை 100 முறை ஆடினால், இடையில் எங்காவது ஆறு முறை தொடர்ந்து தோற்பதற்குப் பாதிக்கும் மேலான வாய்ப்பு இருக்கிறது. போக்கரில் இரண்டு ஏஸ் கையில் இருக்க, எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்தால், ஏறத்தாழ நூற்றுக்கு 82 முறை ஏஸ்தான் வெல்லும். மீதி 18 முறை தோற்கும். அந்த 18இல் இரண்டு மூன்று ஒரே மாலையில் வந்து விழுந்தால் ஆடுபவர் இடிந்துபோகிறார், ஆனால் சீட்டுக்கட்டில் எதுவும் மாறிவிடவில்லை. ஏழெட்டுத் தோல்விகள் தொடர்ந்து வருவதற்குத் தோஷமோ சாபமோ வேண்டியதில்லை. போதுமான ஆட்டங்கள் ஆடியிருந்தால் போதும்.

இதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. தோல்விக்குச் சாபம் காரணமில்லை என்றால், அடுத்து வெற்றி வந்தே தீரும் என்பதற்கும் காரணமில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலட் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்பிலேயே விழுந்தது. இத்தனை முறை கறுப்பு வந்துவிட்டதே, இனிச் சிவப்புதான் என்று பணத்தைக் குவித்தவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இழந்தார்கள். கடலூர்க்காரர்களுக்கு இதை மாண்டி கார்லோவிலிருந்து விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கிப் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரி மரங்களைச் சாய்த்தது. நான்கே ஆண்டுகளில் 2015 வெள்ளம் வந்தது. நம் பங்குக்குப் பட்டுவிட்டோம், இனிச் சில காலம் விட்டுவிடும் என்று இயற்கை கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சீட்டுக்கட்டும் வைத்துக்கொள்வதில்லை.

மீன் கிடைக்காத நாட்களோடு இதை ஒப்பிட்டுத் தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. பத்து நாள் வலை வெறுமையாக வந்தாலும் மீனவர் பதினோராம் நாள் கடலுக்குப் போகிறாரே, நான் மட்டும் ஏன் விட வேண்டும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் படகு இறக்குபவருக்குக் காற்று, நீரோட்டம், பருவம் எல்லாம் தகவல் தருகின்றன. பத்து வெறும் நாட்கள் அவருக்கு எதையோ கற்றுத்தருகின்றன. இடத்தை மாற்றுகிறார், வலையை மாற்றுகிறார், டீசல் செலவுக்குக் கட்டாது என்றால் போகாமலே இருக்கிறார். நன்றாகக் கலைத்த சீட்டுக்கட்டிலோ நேற்றைய கை இன்றைய கையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இனிச் சரியான பாதி. இது கமிஷன் பற்றியது. ஆடுபவர்கள் அதிகம் பேசாத விஷயமும் இதுதான். இருவர் தலைக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள், நடத்துபவர் பத்து விழுக்காடு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வென்றவருக்கு 180 ரூபாய் வரும். இருவரும் சமமான திறமைசாலிகள் என்றால், 100 ஆட்டத்தில் 50 வென்றவர் 9,000 ரூபாய் பெறுகிறார்; கட்டியதோ 10,000. அதிர்ஷ்டமும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை, ஆயிரம் ரூபாய் போயிற்று. கைக்காசு கரையாமல் இருக்கவே நூற்றுக்கு 56 ஆட்டம் வெல்ல வேண்டும். இந்தக் கணக்கில் 100 ஆட்டம் ஆடிய நூறு பேரில் பதின்மூன்று பதினான்கு பேர் லாபத்தில் இருப்பார்கள். டீக்கடையில் காதில் விழுவது அவர்கள் குரல்தான். மற்ற எண்பத்தாறு பேர் வாய் திறப்பதில்லை. அதே ஆட்டத்தை ஆயிரம் முறை ஆடினால், லாபத்தில் நிற்பவர் நாலாயிரம் ஐயாயிரம் பேரில் ஒருவர்தான். இதன்மேல் வரி வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் இணைய விளையாட்டில் கிடைத்த நிகர வெற்றித்தொகையில் 30 விழுக்காடு முன்கூட்டியே பிடிக்கப்பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் பணத்தின் முழு மதிப்புக்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. எனவே தோல்வி தொடர்கிறதே என்று உள்ளுக்குள் ஏதோ நடுங்கினால், அந்த நடுக்கத்தைக் கோழைத்தனம் என்று திட்டாதீர்கள். பேனா எடுத்துப் போட வேண்டிய கணக்கை அது மனத்தாலேயே போட்டுவிட்டது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே? சொல்லியிருக்கிறது. 1968இல் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பகுதி திறமையைச் சார்ந்தது என்றது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தமிழ்நாடு விதித்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த 2022ஆம் ஆண்டுத் தடைச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதிலும் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து 2023 நவம்பரில் அதே உயர் நீதிமன்றம் நீக்கியது. இவை எல்லாம் மெய். ஆனால் திறமை என்ற சொல் சட்டத்தில் ஒரு கேள்விக்கு விடை, உங்கள் வீட்டில் வேறொரு கேள்விக்கு விடை. இது சூதாட்டமா இல்லையா என்று நீதிமன்றம் பார்த்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவரைவிட நான் கெட்டிக்காரனா, அதுவும் கமிஷனைத் தாண்டி மிஞ்சும் அளவுக்கா என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். சதுரங்கமும் திறமை ஆட்டம்தான். அதற்காக யாரும் கிராண்ட்மாஸ்டரோடு வீட்டுப் பத்திரத்தை வைத்து ஆடுவதில்லை. திறமை உண்மையிலேயே தீர்மானிக்கிறது என்றால், தொடர்ந்து தோற்பவர் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு இன்னும் கசப்பானது. அந்த 1968 தீர்ப்பிலேயே பலர் சொல்லாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது: பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தை நடத்துபவர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. கமிஷன்தான் முடிச்சு என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

சட்டத்தின் இன்றைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டை நடத்துவதையே குற்றமாக்குகிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு; ஆடுபவருக்கு இந்தச் சட்டம் தண்டனை சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பண ஆட்டங்களை நிறுத்தின. இதன்பிறகும் டெலிகிராம் வழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ ஒரு சுட்டி வந்து உங்களை மேசைக்கு அழைத்தால், அதை நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே உங்களுக்குத் தெரியாது. வென்ற பணத்தைத் தராவிட்டால் எங்கே போய்க் கேட்பீர்கள்? பழைய தோல்வியை அங்கே ஈடுகட்ட நினைப்பது, ஓட்டைப் பானையை மாற்றிச் சல்லடையில் தண்ணீர் மொள்வது.

இத்தனையும் தெரிந்த பிறகும் கை ஏன் கைப்பேசியை நோக்கிப் போகிறது? விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அறிவுக் குறைவால் வருவதில்லை. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம் இட்டது. கிடைக்கும் நூறு ரூபாய் தரும் மகிழ்ச்சியைவிட, இழக்கும் நூறு ரூபாய் தரும் வலி பெரிது. பிற்கால அளவீட்டில் ஏறத்தாழ இரு மடங்கு. லாபத்தில் இருக்கும்போது எச்சரிக்கையாக இருக்கும் மனிதர், நஷ்டத்தில் விழுந்ததும் துணிச்சல்காரராகிறார். உறுதியான சிறிய இழப்பை ஏற்பதைவிட, பெரிய இழப்பின் ஆபத்தோடு வரும் மீட்சி வாய்ப்பையே தேடுகிறார். திருக்குறளில் சூது அதிகாரத்தின் கடைசிக் குறள், இழக்க இழக்க அதன்மேல் ஆசை வளர்வதைச் சொல்லி, துன்பப்படப்பட உடலின்மேல் உயிருக்குப் பற்று கூடுவதோடு அதை ஒப்பிடுகிறது. அறம் சொல்வதற்கு முன் அந்தக் குறள் ஒரு நோயை அடையாளம் காட்டியிருக்கிறது.

மீட்டெடுத்தவுடன் நிறுத்திவிடுவேன் என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. சொல்லும் நேரத்தில் நம்பித்தான் சொல்கிறார்கள். பழைய தென்னார்க்காட்டு ஊர்களில், கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலும், திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் படித்துக் கூத்து நடக்கும். சூது, துகிலுரிதல் இரவுக்குக் கூட்டம் அதிகம். தருமர் செல்வத்தை வைத்து, நாட்டை வைத்து, தம்பிகளை வைத்து, தன்னை வைத்து, கடைசியில் திரௌபதியையும் வைத்துத் தோற்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்து நடப்பதைத்தான் இந்த அத்தியாயத்தின் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். திருதராட்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். விட்டது முழுவதும் கைக்கு வந்தாயிற்று. ஆனாலும் மீண்டும் அழைப்பு வந்ததும் தருமர் திரும்பிப் போய் உட்கார்கிறார், பன்னிரண்டு ஆண்டு வனவாசத்துக்கும் ஓராண்டு மறைந்து வாழ்வதற்கும் தோற்கிறார். இழந்தது திரும்பினால் ஆசை அடங்கும் என்ற கணிப்பு அங்கேயே பொய்த்துவிட்டது. பணம் மீண்டு வந்தால், அடுத்த ஆட்டத்துக்கான முதல் வந்ததாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

பயத்தோடு ஆடுவது ஆட்டத்தையும் கெடுக்கும். போக்கர் ஆடுபவர்களே இதை டில்ட் என்கிறார்கள். தோல்வியின் சூட்டில் நிதானம் சாய்ந்து, போட வேண்டிய கையைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேண்டியதைப் போட்டுவிடும் நிலை. தூக்கமின்மை அதை இரட்டிப்பாக்கும். தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிமுறைகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்கு இடமில்லை என்றன. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சரி என்று ஏற்றது. தனிமனிதரின் சுதந்திரத்தில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் வீடு தூங்கும் நேரத்தில், போர்வைக்குள், கைப்பேசி வெளிச்சத்தில் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான முடிவு என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலில் தொகையைத் தெரிந்துகொள்ளுங்கள். நினைவை நம்பாதீர்கள், அது வென்றதைப் பெரிதாகவும் விட்டதைச் சிறிதாகவும் காட்டும். கடந்த 12 மாத வங்கிக் கணக்கையும் யுபிஐ பட்டியலையும் எடுத்து, விளையாட்டுக்குப் போன தொகை ஒரு பக்கம், திரும்பி வந்தது மறுபக்கம் என்று கையால் எழுதிக் கூட்டுங்கள். இது கொடுமையான மாலைப்பொழுதாக இருக்கும், உண்மைதான். ஆனால் உருவம் தெரியாத பயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. எண்ணாக மாறிய பயத்தோடு பேச்சுவார்த்தை நடத்தலாம். அந்தத் தாளை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். மனைவியோ கணவரோ அண்ணனோ, யார் கோபித்தாலும் கைவிட மாட்டாரோ அவரிடம். பிறகு ஆட்டத்துக்குப் போகும் வழிகளை அடைத்துவிடுங்கள்: செயலிகளை நீக்குங்கள், அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள், யுபிஐயின் தினசரி வரம்பைக் குறையுங்கள், சம்பளம் வரும் கணக்கின் அட்டையைச் சில காலத்துக்கு வீட்டாரிடம் கொடுங்கள். மனவலிமை உள்ளவருக்கு இந்த வேலியெல்லாம் எதற்கு என்று தோன்றும். மனவலிமை காலை பத்து மணிக்கு எல்லோரிடமும் இருக்கிறது. வேலி இரவு பதினொன்றுக்கு வேண்டும்.

எத்தனை நாள் ஆடாமல் இருப்பது என்ற கேள்விக்குக் கடலூர்க் கரையிலிருந்தே ஓர் அளவு எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பாடு நன்றாக இருந்தாலும் போவதில்லை, கடன் நெருக்கினாலும் போவதில்லை. தேதிதான் முடிவு செய்கிறது. அந்த நாட்களில் படகைப் பழுது பார்க்கிறார்கள், வலையைத் தைக்கிறார்கள். நீங்களும் நாட்காட்டியில் 61 நாளைக் குறித்து, அதற்குள் மனநிலை எப்படி மாறினாலும் ஒரு கை கூட ஆடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணுக்கு மருத்துவ மகிமை எதுவும் கிடையாது. முன்பே எழுதிவைத்த தேதி என்பதுதான் அதன் பலம். பயம் போனதும் ஆடலாம் என்று வைத்துக்கொண்டால், பயம் போய்விட்டதா என்று தினமும் சோதித்துப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிடும்.

தீபாவளிக்கு உறவுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆடுவதும் தவறா என்று சிலர் கேட்பார்கள். கடன் வாங்காதவர், பொய் சொல்லாதவர், தோற்ற பிறகு நன்றாகத் தூங்கியவர் என்றால் இந்த அத்தியாயம் அவருக்கு எழுதப்பட்டதல்ல. அவர் 61 நாள் கழித்துக் காசில்லாமல் ஒரு முறை ஆடிப் பார்க்கலாம். ஆட்டம் அப்போதும் இனித்தால் அவருக்குப் பிடித்தது ஆட்டம். காசில்லாமல் சப்பென்று இருந்தால், அவர் தேடியது வேறு என்று தெரிந்துகொள்ளட்டும். கடன் வாங்கி ஆடியவருக்கும் வீட்டில் மறைத்து ஆடியவருக்கும் இந்தச் சோதனையே வேண்டாம். அவர்கள் சீட்டை முற்றாக விட்டுவிட வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

கடன் இருப்பவருக்கு மீட்கும் வழி மேசையில் இல்லை, வட்டியில் இருக்கிறது. எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைத்துவிடுங்கள். கடன் செயலிகளையும் மீட்டர் வட்டியையும் அடைக்க, வங்கியில் நகையை வைப்பதே மேல். தமிழ்நாட்டில் கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டல் வந்தால் ஒளிய வேண்டாம். கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று அழைப்பு வந்தால் அது அடுத்த மோசடி. இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

நிறுத்த முயன்றும் நிறுத்த முடியவில்லை, இழந்ததைப் பிடிக்க மறுநாளே திரும்புகிறீர்கள், மனம் சோர்ந்தால் ஆட்டத்தைத் தேடுகிறீர்கள், எவ்வளவு போயிற்று என்று பொய் சொல்கிறீர்கள் என்றால், மருத்துவம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சூதாட்டக் கோளாறை மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் பக்கத்தில், அடிமைப்பழக்கங்களின் அத்தியாயத்தில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் உளவியல் சிகிச்சையில் மீண்டவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் சொன்னது வெளியே போகுமோ என்ற அச்சம் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அந்த இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் என மூன்று இடங்கள் பேருந்து தூரத்தில் உள்ளன. போன பணத்தை நினைத்து, இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்ற எண்ணம் ஒரு முறை தோன்றியிருந்தாலும், 61 நாள் கணக்கெல்லாம் பிறகு. இப்போதே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், அல்லது 14416ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.